நாப்கின் ரோல் வாங்கும்போது நான்-ஓவனிலும் ஃபிலிமிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவை அருணாசலம் முருகானந்தம் வடிவமைத்த சிறு எந்திரம் பரவிய பிறகு, பல ஊர்களில் மகளிர் சுய உதவிக் குழுக்களே மாதவிடாய் நாப்கின் தயாரிக்கின்றன. எந்திரம் ஓட்டச் சொல்லித்தர ஆள் கிடைக்கிறார்கள். ரோல் பார்த்து வாங்கச் சொல்லித்தருபவர்கள் குறைவு. நாப்கின் கசிந்தாலோ மேலே ஈரம் நின்றாலோ ஓரம் பிரிந்தாலோ முதலில் எந்திரத்தைத்தான் குறை சொல்கிறோம். ஆனால் பல நேரம் கோளாறு மேல்விரிப்பான நான்-ஓவனிலோ (நெய்யாமல் இழைகளை ஒட்டிச் செய்த துணி) அடியில் இருக்கும் ஃபிலிமிலோ (மெல்லிய பிளாஸ்டிக் தாள்) இருக்கும். இரண்டையும் வாங்குவதற்கு முன்பே சோதித்துவிடலாம். எடைத் தராசு, சிரிஞ்ச், உப்பு, மை உறிஞ்சும் தாள் இருந்தால் பெரும்பாலும் போதும்.

கிலோ விலையை மட்டும் பார்ப்பது

ரோல் கிலோ கணக்கில் விற்கப்படுகிறது. நமக்குத் தேவையோ சதுர மீட்டர். 20 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 20 கிராம்) நான்-ஓவன் ஒரு கிலோ என்றால் 50 சதுர மீட்டர். 16 செ.மீ. அகல ரோலில் அது 312 மீட்டர் நீளம்; 24 செ.மீ. நாப்கினுக்கு ஏறக்குறைய 1,300 துண்டு. அதே ரோல் உண்மையில் 23 ஜிஎஸ்எம் இருந்தால் 1,130 துண்டுதான் வரும். கிலோவுக்கு ஐந்து ரூபாய் குறைத்து வாங்கிய மகிழ்ச்சி அந்த 170 துண்டில் போய்விடும்.

சரிபார்ப்பது எளிது. 10 செ.மீ.க்கு 10 செ.மீ. அளவில் பத்துத் துண்டு வெட்டி, 0.01 கிராம் வரை காட்டும் தராசில் மொத்தமாக நிறுக்கவும். கிடைத்த எடையைப் பத்தால் பெருக்கினால் ஜிஎஸ்எம். 2.00 கிராம் வந்தால் 20. துண்டுகளை ரோலின் இடது, நடு, வலது ஓரங்களிலிருந்து எடுக்கவும். சராசரி சரியாக இருந்தும் ஒரு ஓரம் மெலிந்திருந்தால், அந்தப் பக்கத்தில்தான் உள்ளே ஈரம் உறிஞ்சும் மரக்கூழ் வெளியே வரும்.

ஃபிலிமுக்கு மைக்ரானில், அதாவது தடிமனை வைத்து, விலை சொல்வார்கள். சாதாரண பாலிஎத்திலீன் ஃபிலிமில் 20 மைக்ரான் என்பது 18.4 ஜிஎஸ்எம். சுண்ணாம்புக்கல் தூள் கலந்த ஃபிலிம் அதைவிடக் கனமானது என்பதால் இந்தக் கணக்கு அதற்குப் பொருந்தாது. நான்-ஓவனுக்கு மைக்ரான் கணக்கே வேண்டாம். அது பஞ்சு போல அமுங்கும் பொருள்.

வெறும் தண்ணீர் ஊற்றிச் சோதிப்பது

இந்தத் தொழிலில் அதிகம் நடக்கும் தவறு இது. விற்பவர் ஒரு டம்ளர் நீலத் தண்ணீரை ஊற்றிக் காட்டுவார், உள்ளே போட்ட, ஈரத்தை உறிஞ்சி ஜெல்லாகும் தூள் அத்தனையையும் குடித்துவிடும், பார்ப்பவர்கள் அசந்துபோவார்கள். ஜெல் தூள் உப்பில்லாத நல்ல தண்ணீரில் தன் எடையைப்போல் சில நூறு மடங்கு உறிஞ்சும். உப்பு சேர்ந்ததும் அது 30 முதல் 60 மடங்காகச் சுருங்கிவிடும். மாதவிடாய்த் திரவத்தில் உப்போடு புரதமும் செல்களும் இருப்பதால் அது கெட்டியானது, மெதுவாக இறங்குவது. குறைந்தபட்சம் ஒரு லிட்டர் தண்ணீரில் 9 கிராம் உப்புப் போட்ட கரைசலிலாவது சோதியுங்கள். அளவும் நியாயமாக இருக்கட்டும்: இந்தியத் தரமான ஐஎஸ் 5405-இன் 1980 பதிப்பு, நிமிடத்துக்கு 15 மில்லி வீதம் 30 மில்லியை நாப்கினின் நடுவில் விடச் சொன்னது, அடியிலும் பக்கத்திலும் ஈரம் தெரியக் கூடாது.

மேல்விரிப்பைத் தனியாகவும் பார்க்க வேண்டும். ஸ்பன்பாண்ட் நான்-ஓவன் (உருக்கி இழுத்த இழைகளைச் சூட்டில் ஒட்டியது) பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் ஆனது. அந்த இழைக்குத் தண்ணீர் ஒட்டாது. ஈரத்தை உள்ளே விடுவது இழையின் மேல் பூசிய நனைப்புப் பொருள். கடைப் பை தைக்கும் நான்-ஓவனில் அந்தப் பூச்சு கிடையாது. விலை குறைவு என்று அதை வாங்கிப் போட்டால் திரவம் மணிமணியாக உருண்டு பக்கவாட்டில் ஓடும். பூச்சு இருந்தாலும் அது எத்தனை முறை தாங்கும் என்பதே கேள்வி. ஐந்து அடுக்கு மை உறிஞ்சும் தாளின் மேல் விரிப்பைப் போட்டு, சிரிஞ்சால் ஒரே இடத்தில் 5 மில்லி உப்புநீரை விட்டு, முழுதும் இறங்கும் நேரத்தைக் குறிக்கவும். அடித்தாளை மட்டும் மாற்றி, ஒரு நிமிட இடைவெளியில் இன்னும் இரண்டு முறை அதே இடத்தில் விடவும். முதல் முறை சட்டென்று இறங்கி மூன்றாம் முறை தேங்கி நின்றால், பூச்சு கழுவிப் போய்விட்டது என்று பொருள். அந்த நாப்கின் முதல் மணி நேரத்தில் நன்றாக இருக்கும், பிறகு கசியும். பள்ளிக்கூடத்தில் நாள் முழுதும் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு அது போதாது.

பூச்சு நாள்பட்டு இடம் மாறவும் செய்யும். பசைக்கும் கூழுக்கும் நகர்ந்துவிடும். தகரக் கூரை கிடங்கின் சித்திரை வெயிலில் அது வேகமாக நடக்கும். அதனால் புது ரோலில் மட்டும் சோதித்து நிறுத்தாமல், செய்து முடித்த நாப்கினைச் சில வாரம் சூடான இடத்தில் வைத்து மறுபடி பார்க்கவும்.

துளையிட்ட ஃபிலிமை மேல்விரிப்பாகப் போடுபவர்கள் பக்கத்தைக் கவனிக்க வேண்டும். வழக்கமான வகையில் துளை புனல் வடிவம்: அகன்ற வாய் உடல் பக்கம், குறுகிய வாய் கூழின் பக்கம். தலைகீழாகப் போட்டால் உள்ளே போனது மேலே திரும்பி வரும்.

இன்னொன்று: “காட்டன் டாப்ஷீட்” என்று பெயரிட்டு வருவதெல்லாம் பருத்தியில்லை. ஒரு துண்டை இடுக்கியில் பிடித்து வெளியிடத்தில் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும். பாலிப்ரொப்பிலீன் உருகிச் சுருண்டு, மெழுகு வாசனையோடு கெட்டி மணியாக உறையும். உறையில் “பருத்தி” என்று அச்சடிப்பதற்கு முன் இதைச் செய்துவிடுவது வாங்குபவர்களுக்குக் காட்டும் நேர்மை.

ஓரம் ஒட்டாததற்குச் சூட்டை ஏற்றிக்கொண்டே போவது

பாலிப்ரொப்பிலீன் உருகுவது சுமார் 160 டிகிரியில். அடி ஃபிலிமான எல்டிபிஇ (மென்மையான பாலிஎத்திலீன் வகை) 110 டிகிரியை ஒட்டியே உருகிவிடும். இரண்டும் உருகினாலும் ஒன்றோடொன்று கலக்காத பிளாஸ்டிக்குகள். சூடு குறைந்தால் ஓரம் பிரியும். கூட்டினால் ஃபிலிம் ஓட்டையாகும். இதற்கு வழி வேறு: உள்ளே பாலிப்ரொப்பிலீனோ பாலியெஸ்டரோ, வெளியே பாலிஎத்திலீன் உறையும் கொண்ட இரட்டை இழை நான்-ஓவன் வாங்கினால், அது ஃபிலிமோடு தானாக இணையும். வெறும் ஸ்பன்பாண்ட்தான் கிடைக்கிறது என்றால், புள்ளிப் புள்ளியாக அழுத்தும் சீலிங் தாடையும் ஓரத்தில் ஒரு கோடு ஹாட்மெல்ட் (சூட்டில் உருக்கிப் பூசும்) பசையும் தேவை. பசையின் சூடும் மெல்லிய ஃபிலிமைத் துளைக்கும் என்பதை மறக்கக் கூடாது.

சீல் நன்றாக ஆறிய பிறகு கையால் பிரித்துப் பாருங்கள். ஃபிலிம் வழவழவென்று சுத்தமாகப் பிரிந்தால் ஒட்டவே இல்லை. ஃபிலிமில் இழைகள் பிய்ந்து ஒட்டியிருந்தால் நல்ல சீல். பத்து நிமிடம் உப்புநீரில் ஊறவைத்து மறுபடி பிரித்துப் பாருங்கள். காய்ந்தபோது நன்றாக நின்று, ஊறியதும் பிரிகிற இடத்தில் பெரும்பாலும் கூழ்த்தூசி சிக்கியிருக்கும்.

வெள்ளையாக இருந்தால் நல்ல ஃபிலிம் என்று நினைப்பது

வெள்ளை நிறம் நிறமித்தூளால் வருவது. மறுசுழற்சி பிளாஸ்டிக் கலந்த ஃபிலிமும் வெள்ளையாக இருக்கும். அதில் மணி போன்ற கட்டிகளும் ஊசித்துளைகளும் நாற்றமும் இருக்கும். உடலில் படும் பொருளுக்கு அது ஆகாது. மை கலந்த ஸ்பிரிட்டை ஃபிலிமின் மேல் தடவி, அடியில் வைத்த வெள்ளைத் தாளைப் பாருங்கள்; துளை இருக்கும் இடத்தில் புள்ளி விழும்.

காற்றோட்ட ஃபிலிமுக்கு இந்தச் சோதனை செல்லாது. சுண்ணாம்புக்கல் தூள் கலந்து இழுத்து நுண்துளை திறந்த ஃபிலிம் அது; ஸ்பிரிட் அதில் இயல்பாகவே ஊடுருவும். அதைச் சோதிக்க வெந்நீர்க் கோப்பையின் வாயில் ஃபிலிமை இறுக்கிக் கட்டி, மேலே குளிர்ந்த எவர்சில்வர் தட்டைப் பிடிக்கவும். தட்டில் ஆவி படிந்தால் காற்றோட்டம் உண்டு. ஜெல் இல்லாத வெறும் கூழ் நாப்கினுக்குக் காற்றோட்ட ஃபிலிம் சரிப்படாது: கூழில் கட்டுப்படாமல் நிற்கும் ஈரம் ஆவியாகி வெளியே வந்து உள்ளாடையில் குளிர்ந்து நனைக்கும், கசிவு என்று புகார் வரும்.

எச்டிபிஇ (விறைப்பான பாலிஎத்திலீன் வகை) ஃபிலிம் மலிவாகக் கிடைத்தாலும் நடக்கும்போது சரசரக்கும். இந்தச் சத்தத்துக்குப் பயந்தே நாப்கினை விடும் பெண்கள் இருக்கிறார்கள். புடைப்பு அச்சிட்ட எல்டிபிஇ ஃபிலிம் அவ்வளவாகச் சத்தம் போடாது.

ஃபிலிம் ரோலை எந்திரத்தில் அதிக இழுவையோடு ஓட்டினால், வெட்டியதும் அது பழைய நீளத்துக்குச் சுருங்கி நாப்கின் படகு போல வளையும். இழுவையைக் குறைத்தாலே சரியாகிவிடும்.

ஆர்டர் எழுதும்போது “நான்-ஓவன், வெள்ளை” என்று விட்டுவிடாமல் பிளாஸ்டிக் வகை, ஜிஎஸ்எம்மில் எவ்வளவு ஏற்ற இறக்கம் ஏற்பீர்கள், அகலம், உட்குழாய் விட்டம், பூச்சு எந்தப் பக்கம், மூன்று முறை திரவம் இறங்கும் நேரம், இணைப்பு உள்ள இடத்தில் நிறநாடா, லாட் எண், தயாரித்த தேதி எல்லாவற்றையும் கேளுங்கள். ஒவ்வொரு லாட்டிலும் அரை மீட்டர் வெட்டி, எண் எழுதி, வெயில் படாத பெட்டியில் வைத்திருங்கள். அந்த லாட்டில் செய்த நாப்கின் விற்றுத் தீரும் வரை அதைத் தூக்கிப் போட வேண்டாம்.