தன்பாலீர்ப்புள்ள பையன் டீமில் இருந்தால்: புது கோச்சுகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு பக்கம் சாயங்காலத்தில் ஃபுட்பால் சொல்லிக்கொடுக்க வரும் புது கோச்சுகள், ஒரு காலத்தில் நாங்கள் செய்த அதே தவறுகளைச் செய்கிறார்கள். அடிப்பதும் டீமை விட்டு விரட்டுவதும் தவறு என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. நல்லெண்ணத்தில் செய்கிற தவறுகள்தான் ஆளைச் சாய்க்கின்றன.

அவன் சொன்னதை இன்னொருவரிடம் சொல்வது

பிராக்டிஸ் முடிந்து கோன்களை அடுக்கும்போது ஒருவன் தயங்கித் தயங்கி, "அண்ணா, எனக்குப் பசங்களைத்தான் பிடிக்குது" என்கிறான். கோச் இரக்கப்பட்டு கேப்டனிடம், "அவனைக் கொஞ்சம் பாத்துக்கோ" என்கிறார். கேப்டன் தன் கூட்டாளியிடம் சொல்கிறான். பையன் வீடு போய்ச் சேருமுன் பேச்சு தெருவுக்கு வந்துவிடுகிறது. நம் பக்கம் டீமில் ஆடுகிறவன்தான் எதிர்வீட்டுக்காரன், பல நேரம் மாமன் மகனும் அவன்தான். டீமை மாற்றலாம், தெருவை எப்படி மாற்றுவான்? இத்தனை வருஷம் கழித்தும் இந்த ஒரு தவறைப் பார்த்தால் எங்களுக்குக் கோபம் அடங்குவதில்லை.

அவனிடம் மூன்று கேள்வி போதும். வேறு யாருக்குத் தெரியும்? நான் யாரிடமாவது சொல்லலாமா? வீட்டில் பயம் இருக்கிறதா? "எப்போலேர்ந்து? யாரு அது?" என்று தோண்டாதீர்கள். இதைப் பற்றி வாட்ஸப்பில் ஒரு வரிகூட அனுப்பாதீர்கள். அந்த போனை அவன் அண்ணனும் எடுப்பான். மறுநாள் அவன் வழக்கமாக ஆடும் இடத்திலேயே ஆடட்டும். வெளியூர் மேட்ச்சுக்குப் போட்ட ரூம் பட்டியலைத் திருத்தாதீர்கள், அந்தத் திருத்தமே அவனைக் காட்டிக்கொடுக்கும். 18 வயதுக்குக் கீழே இருந்து வீட்டில் அடி விழுகிறது என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடலாம். அதையும் அவனிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

இங்கிலாந்தில் பிளாக்பூல் அணியின் ஜேக் டேனியல்ஸ் 2022 மே மாதம், 17 வயதில், தனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும் என்று ஊரறியச் சொன்னார். அதற்கு முன்பே அம்மாவுக்கும் சகோதரிக்கும் கிளப்புக்கும் சக ஆட்டக்காரர்களுக்கும் அவரே சொல்லியிருந்தார். வீட்டில் சொன்ன மறுநாள் ஆட்டத்தில் 4 கோல் அடித்தார். யாரிடம், எப்போது என்பது கடைசிவரை அவர் கையில் இருந்தது. ஜஸ்டின் ஃபஷானுவுக்கு அது வாய்க்கவில்லை. 10 லட்சம் பவுண்டுக்கு 1981-இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் கிளப் வாங்கிய ஆட்டக்காரர் அவர். அவரைப் பற்றிய பேச்சு மேனேஜர் காதுக்குப் போனது. அணியோடு பயிற்சி செய்யவே விடாமல் தடுத்தார்கள். அவர் வெளிப்படையாகச் சொன்னது 1990-இல். பிரிட்டனில் ஆடிக்கொண்டிருக்கும்போதே சொன்ன அடுத்த தொழில்முறை ஆண் ஃபுட்பால் ஆட்டக்காரர் டேனியல்ஸ்தான்.

9-ஆம் நம்பர் ஜெர்சி

உலகம் முழுக்க அது ஸ்ட்ரைக்கரின் நம்பர். இங்கே பையிலிருந்து அதை எடுத்ததும் "ஒம்போது" என்று ஒரு குரல் வரும், வரிசையே சிரிக்கும். கோச்சும் சேர்ந்து சிரித்தால், ஒளித்து வைத்திருக்கும் பையன் அன்றைக்கே உங்களை எடைபோட்டுவிடுவான். சொன்னவனை அங்கேயே 10 நிமிஷம் வெளியே உட்கார வையுங்கள். ஆட்ட விதி 12-இன்படி இழிசொல்லுக்கு ரெட் கார்டு உண்டு என்பதையும் சொல்லுங்கள். பிரான்சில் 2019 ஆகஸ்டில் நான்சி–லெ மான் ஆட்டத்தை, கேலரியிலிருந்து வந்த இப்படிப்பட்ட கோஷத்துக்காக நடுவர் நிறுத்தினார். கண்டிக்கும்போது கண் அந்தப் பையன் பக்கம் போகவே கூடாது.

டாக்டரிடம் கூட்டிப்போகச் சொல்வது

இது நோய் இல்லை. மருத்துவத்தால் மாற்றப் பார்ப்பதற்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் தடை விதித்தது.

சட்டத்தைக் காட்டி மிரட்டுவது

ஒரே பாலைச் சேர்ந்த வயது வந்த இருவர் சம்மதத்தோடு சேர்ந்திருப்பது குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6-இல் சொல்லிவிட்டது.

பெண்கள் டீமில் ஊகம் பண்ணுவது

முடியைக் கட்டையாக வெட்டியவளைப் பார்த்து முடிவுகட்டாதீர்கள்.

"நம்ம டீம்ல அப்படி யாரும் இல்ல"

பெற்றோர் கேட்டாலும் இப்படிச் சொல்லாதீர்கள். பக்கத்தில் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருப்பவன் அதைக் கேட்டுக்கொண்டிருப்பான்.