ஆற்றுக் கல், மணல், மயிலிறகு: வாடகை வீட்டில் ஒரு பூஜை மூலை

வாடகை வீடு. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, பூஜை அறை கிடையாது. ஹாலில் ஜன்னலை ஒட்டி ஒரு முக்காலி போடும் அளவுக்குத்தான் இடம். கடையில் விற்கிற மர மண்டபம் எதுவும் அங்கே அடங்காது. அதனால் ஊர்ப் பக்கம் ஆற்றங்கரையிலும் தோட்டத்திலும் கிடைத்ததை வைத்தே ஒரு பூஜை மூலை அமைத்தேன். எப்படிச் செய்தேன் என்று கேட்டவர்களுக்காக இந்தப் பதிவு. திரி போடுவது, பூத்தொடுப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

வெறும் கல்லைக் கும்பிடலாமா என்ற தயக்கம் சிலருக்கு இருக்கும். தாராளமாகக் கும்பிடலாம். ஐந்து தெய்வங்களை ஒன்றாக வைத்துக் கும்பிடுகிற பஞ்சாயதன பூஜையில் வைக்கிற ஐந்து கற்களில் எதற்கும் கண், மூக்கு செதுக்குவதில்லை. சிவனுக்கு நர்மதையில் கிடைக்கும் பாணலிங்கம், பெருமாளுக்கு நேபாளத்துக் கண்டகியின் சாளக்கிராமம், பிள்ளையாருக்குச் சோன் ஆற்றின் சிவப்புக் கல், அம்பாளுக்குச் சுவர்ணமுகி ஆற்றுக் கல், சூரியனுக்குத் தஞ்சாவூர் பக்கத்து வல்லத்தின் ஸ்படிகம். அந்தச் சுவர்ணமுகிதான் காளத்தியில், அதாவது காளஹஸ்தியில், ஓடுகிற பொன்முகலி. கண்ணப்பர் வாயில் தண்ணீரும் தலைமுடியில் பூவும் கொண்டுபோய்ப் பூஜை செய்தது அந்தக் கரையில்தான். கையில் கிடைத்ததைக் கொண்டு கும்பிட அவரைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை.

கல் தேடுவது

காவிரி டெல்டாவில் தேடினால் மணலும் வண்டலும்தான் கிடைக்கும். கூழாங்கல் வேண்டுமென்றால் ஆறு மலையிறங்கி வருகிற பக்கம் போக வேண்டும். கீழே வரவர கல் தேய்ந்து சிறுத்துவிடும். ஆனால் காப்புக்காட்டுக்குள்ளும் புலிகள் காப்பகத்துக்குள்ளும் இருந்து ஒரு கல்கூட எடுக்காதீர்கள், அது குற்றம். சொந்த ஊர் ஓடை, தெரிந்தவர் தோட்டத்து வாய்க்கால் போதும்.

உள்ளங்கை உயரத்தில், ஒரு முனை கனமாக, முட்டை வடிவில் இருக்கிற கல்லாகப் பாருங்கள். எடுத்ததும் தண்ணீரில் நனைத்துப் பார்க்க வேண்டும். காய்ந்திருக்கும்போது சாம்பலாகத் தெரிகிற கல்லில் நனைந்த பிறகுதான் ரேகை தெரியும். அந்த ரேகை நன்றாகத் தெரிகிற பக்கத்தை முகமாக வைத்துக்கொள்ளலாம். சந்தனமும் குங்குமமும் அங்கேதான் வரும்.

கல்லை நிறுத்துவது

பெரும்பாலும் எல்லோரும் தடுமாறுவது இங்கேதான். உருண்டைக் கல் தட்டில் நிற்காது. சாய்ந்து விளக்கின் மேல் விழும் என்ற பயத்தில் சிலர் எம்-சீல் பசை வைத்து ஒட்டிவிடுகிறார்கள், சிலர் சிமென்ட் பூசுகிறார்கள். இரண்டும் வேண்டாம். ஒட்டின கல்லை எடுத்துக் கழுவ முடியாது, வீடு மாறும்போது பெயர்க்கவும் முடியாது.

மணல்தான் சரி. ஆனால் தாம்பாளத்தில் கொட்டிய மணலில் கல் நிற்காது, கொஞ்சம் ஆழம் வேண்டும். வாயகன்ற மண்சட்டி ஒன்று வாங்குங்கள், நான்கு விரற்கடை ஆழம் இருந்தால் போதும். உள்ளே மெழுகு பூசாத, வண்ணம் அடிக்காத சட்டியாக இருக்கட்டும். மண்சட்டி ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். பித்தளை, எவர்சில்வர் பாத்திரத்தில் அடியில் ஈரம் தங்கி மணல் நாற்றமெடுக்கும்.

மணலைச் சலித்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசி, வெயிலில் காயவையுங்கள். கடற்கரை மணல் கூடாது. அதிலுள்ள உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஆற்று மணல் கிடைக்காவிட்டால் கட்டட வேலை நடக்கிற இடத்தில் கொஞ்சம் எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்கிற மணல்) கேட்டு வாங்கலாம். அதன் மணிகள் கூர்கூராக இருப்பதால் கல்லை இறுக்கமாகவே பிடிக்கும், பொடி போக நிறைய தடவை அலச வேண்டும், அவ்வளவுதான். எனக்கு என்னவோ ஆற்று மணலின் நிறம்தான் பிடித்திருக்கிறது.

சட்டியில் பாதிவரை மணல் போட்டு, கையில் பிடித்தால் கொழுக்கட்டை மாதிரி நிற்கிற பதத்துக்குத் தண்ணீர் தெளியுங்கள். முஷ்டியால் நன்றாக அழுத்துங்கள். கல்லின் கனமான முனையைக் கீழே வைத்து, சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக மணல் சேர்த்து, கரண்டிக் காம்பால் குத்திக் குத்தி இறுக்குங்கள். ஒரேயடியாகக் கொட்டி மேலே தட்டினால் உள்ளே பொள்ளல் இருக்கும், காய்ந்ததும் கல் சாயும். கல்லில் மூன்றில் ஒரு பங்கு மணலுக்குள் இருக்க வேண்டும். பிறகு ஒரு முழுநாள் தொடாமல் விடுங்கள். காய்ந்ததும் முக்காலியைத் தட்டிப் பாருங்கள். கல் அசைந்தால் எடுத்துவிட்டு மறுபடி ஈரப்படுத்தி இறுக்குங்கள்.

இந்தக் கல்லுக்கு அபிஷேகம் செய்ய வேண்டாம், மணல் கலைந்துவிடும். நீங்கள் எடுத்து வந்ததிலேயே சின்னதாக இன்னொரு கல்லைத் தனியாக வைத்துக்கொண்டு, தட்டில் வைத்து அதற்கு அபிஷேகம் செய்யுங்கள். பாலோ பஞ்சாமிர்தமோ பெரிய சட்டிப் பக்கமே வரக் கூடாது.

மற்றவை

முக்காலி மேல் ஒரு பழைய மணை, அதன் மேல் சட்டி. கிழக்குப் பார்த்து வைத்தேன். இடமில்லாவிட்டால் மேற்குப் பார்த்து வைக்கிற வீடுகளும் உண்டு. பிள்ளையாரை அவ்வப்போது மஞ்சளில் பிடித்துவைத்து அறுகம்புல் செருகிவிடுவேன். சதுர்த்திக்கு மட்டும் களிமண். அம்மனுக்கு ஒரு செம்பில் தண்ணீரும் வேப்பிலைக் கொத்தும். செம்புத் தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள், கொசு முட்டையிடும்.

முருகனுக்கு மயிலிறகு வைக்கலாம். தானாக உதிர்ந்த இறகை வீட்டில் வைத்திருக்க 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கவில்லை, வெளிநாட்டுக்குத்தான் கொண்டுபோக முடியாது. பவளப்பாறைத் துண்டு விஷயம் அப்படியில்லை. மண்டபம், ராமேஸ்வரம் கரையில் ஒதுங்கிக் கிடந்தாலும் தொடாதீர்கள், அதே சட்டத்தில் அது பாதுகாக்கப்பட்ட உயிரினம். சங்கு, சிப்பி எடுத்தால் உள்ளே ஏதாவது குடியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

புது அகலை ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்த பிறகு ஏற்றுங்கள், இல்லையென்றால் அது எண்ணெயைக் குடித்துவிடும். விளக்குக்கு நல்லெண்ணெய். மயிலிறகும் காய்ந்த வேப்பிலையும் சுடரிலிருந்து ஒரு முழமாவது தள்ளி இருக்கட்டும்.

பிசுக்கும் கறையும்

கல்லுக்கு எண்ணெய் பூசுகிறவர்கள் என்றால், சில வாரங்களில் அதில் தூசியும் பிசுக்கும் ஏறும். சோப்பு, பாத்திரம் விளக்கும் திரவம் எதுவும் வேண்டாம், வாசனை தங்கிவிடும். உசிலை இலை அரைத்த அரப்புத்தூளும் தேங்காய் நாரும் போதும். போர்த் தண்ணீரில் கழுவினால் வெள்ளைக் கறை படியும், புளி தேய்த்தால் போய்விடும். ஆனால் கல் சுண்ணாம்புக் கல்லாக இருந்தால் புளியும் எலுமிச்சையும் அதை அரித்து வழவழப்பைக் கெடுத்துவிடும். அடியில் தெரியாத இடத்தில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, நுரை வருகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாடின பூவை, நிர்மால்யத்தை, நெகிழிப் பையில் கட்டி ஆற்றில் போடுகிற வழக்கம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. நாம் கல் எடுத்த அதே ஆறு அது. பூந்தொட்டியில் புதைத்தால் உரமாகிவிடும். மஞ்சள் பிள்ளையாரையும் செடிக்கு அடியிலேயே கரைத்துவிடலாம்.

பின்சேர்க்கை: பதிவைப் படித்துவிட்டு ஒரு சகோதரி, சட்டியில் எறும்பு வருகிறது என்று எழுதியிருந்தார். நைவேத்தியத்தைச் சட்டிக்குள்ளேயே வைத்திருக்கிறார். கற்கண்டோ வெல்லமோ, தனிக் கிண்ணத்தில் வைத்துக் கும்பிட்டுவிட்டு உடனே எடுத்துவிடுங்கள். எறும்பு வந்த மணலை வெயிலில் பரப்பிக் காயவைத்து மறுபடி நிரப்பலாம்.

இன்னொன்று: தவழும் குழந்தையோ பூனையோ உள்ள வீட்டில் அரளிப்பூ வேண்டாம் என்று ஒருவர் நினைவூட்டியிருந்தார். சரியான பேச்சு. அரளியில் எல்லாப் பாகமும் விஷம். எருக்கம்பூ பறித்தால் பால் கண்ணில் படாமல் கையைக் கழுவிவிடுங்கள். நந்தியாவட்டை, செம்பருத்தி, வில்வம் இவற்றில் எது தெருவில் கிடைக்கிறதோ அது போதும்.