பழைய காடிலாக்கை விற்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் காடிலாக், லிங்கன் போன்ற பழைய சொகுசு காரை முப்பது ஆண்டுகள் கண்போல் காத்துவிட்டு விற்க முடிவெடுத்ததும் பலர் முதலில் செய்வது, பழைய ரசீதுகளைக் கூட்டிப் பார்ப்பது. வாங்கிய விலை, குரோம் பூச்சுக்குக் கொடுத்தது, இருக்கைத் தோலுக்குக் கொடுத்தது என்று கூட்டி, பாசத்துக்கும் ஒரு தொகையைச் சேர்த்துவிடுவார்கள். வாங்க வருபவருக்கு இதில் எதுவும் பொருட்டல்ல. புதுப்பிக்கச் செலவான பணம் விற்பனையில் முழுதாகத் திரும்புவது அபூர்வம்.

ஏல அரங்கில் விற்ற வேறொரு காரின் விலையைத் தன் காருக்குப் பொருத்துவது இன்னும் பெரிய தவறு. 1959 காடிலாக் ஏறக்குறைய அத்தனைக்கும் அந்த வானளாவிய வால் துடுப்புகள் உண்டு. ஆனால் அந்த ஆண்டின் எல்டொராடோ பியாரிட்ஸ் திறந்த கார் 1,320 மட்டுமே தயாரானது. நான்கு கதவு செடானோ ஏராளம். இரண்டுக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். பழங்கார்களுக்குக் காப்பீடு வழங்கும் ஹேகர்ட்டி நிறுவனத்தின் விலைப்பட்டியல் கார்களின் நிலையை 1 முதல் 4 வரை தரம் பிரிக்கிறது; 1-தான் உச்சம். உரிமையாளரைக் கேட்டால் எல்லாக் காரும் 2. நன்றாக ஓடி, அங்கங்கே சிறு குறைகளோடு இருக்கும் கார் உண்மையில் 3-தான். உங்கள் காருக்கு நீங்களே மதிப்பெண் போடாமல், அந்த வகைக் கார்களை நன்கறிந்த ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள்.

விற்பதற்கு முன் அவசர அவசரமாகப் பெயின்ட் அடிப்பவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். மங்கிப்போயிருந்தாலும், தொழிற்சாலையில் பூசிய பெயின்ட்டுக்கு மதிப்பு உண்டு. போனால் திரும்பி வராது. புதுப் பளபளப்பைப் பார்த்ததும் அனுபவசாலிக்கு அடியில் துருவை மறைத்திருக்கிறார்களோ என்ற சந்தேகம்தான் வரும். காந்தத்தை எடுத்துத் தகட்டின்மீது வைப்பார். துருவின் பள்ளத்தை நிரப்பப் புட்டி பூசிய இடத்தில் அது ஒட்டாது. காரைக் கழுவித் துடைத்து வைத்தால் போதும்.

கழற்றி வைத்த பழைய பாகங்களைக் குப்பை என்று எறிந்துவிடுவதும் வழக்கம். 1957, 58-இல் வெளியான காடிலாக் எல்டொராடோ பிரோகம் விலை 13,074 டாலர். இரண்டு ஆண்டுகளிலும் சேர்த்து 704 கார்களே தயாராயின. குலுக்கலைத் தாங்க அதிலிருந்த காற்று சஸ்பென்ஷன் தொல்லை கொடுத்ததால் பலர் சுருள்வில்லுக்கு மாறினார்கள். கழற்றிய அந்தப் பாகங்கள் பரணில் ஒரு பெட்டியில் கிடந்தால், வாங்குபவருக்கு அது புதையல். காரோடு வந்த காந்தம் பதித்த குவளைகளும் வாசனைத் திரவியக் குப்பியும் அப்படித்தான். விளம்பரம் எழுதுமுன் பரணில் ஏறித் தேடிவிடுங்கள்.

காகிதத்தில் வரும் சிக்கல்தான் விற்பனையைக் கடைசி நாளில் கவிழ்க்கும். 17 எழுத்து, எண் கொண்ட அடையாள எண் அமெரிக்காவில் 1981 மாடல் முதலே பொது நடைமுறையானது. அதற்கு வெகுகாலம் முன்பு பல மாநிலங்களில் எஞ்சின் எண்ணையே உரிமைப் பத்திரத்தில் எழுதிவிட்டார்கள். இடையில் எஞ்சினை மாற்றியிருந்தால் பத்திரம் ஒன்று சொல்லும், கார் வேறொன்று சொல்லும். வாங்குபவர் வந்து கண்டுபிடிக்கும்வரை காத்திருக்காமல் முன்பே ஒப்பிட்டு, மாநில வாகனத் துறையில் திருத்திக்கொள்ளுங்கள். ஓடிய தூரம் காட்டும் ஓடோமீட்டர் விஷயத்திலும் எச்சரிக்கை தேவை. அக்காலக் கருவி 99,999 மைலைத் தாண்டினால் மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். ஆதாரம் இல்லாமல் ‘இவ்வளவுதான் ஓடியது’ என்று எழுதிக் கொடுக்காதீர்கள்.

‘கிளாசிக்’ என்ற சொல்லையும் அளந்து பேசுங்கள். அமெரிக்க கிளாசிக் கார் கிளப் ‘முழு கிளாசிக்’ என்று ஏற்பது 1915 முதல் 1948 வரையிலான தேர்ந்த கார்களை மட்டும்.

விளம்பரத்துக்குப் படம் எடுப்பவர்கள் மாலை வெயிலில் மின்னும் முகப்பை இருபது கோணத்தில் எடுத்துவிட்டு, அடிப்பகுதியை விட்டுவிடுகிறார்கள். வாங்குபவர் தேடுவது அடிச்சட்டமான சேஸியையும் தரைத்தகட்டையும்தான். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கிளப்பும் காட்சியை ஒரே ஓட்டமாக வீடியோ எடுங்கள். 1961 முதல் 67 வரையிலான நான்கு கதவு லிங்கன் கான்டினென்டல் திறந்த காராக இருந்தால், கூரை மடங்கி டிக்கிக்குள் போய், மறுபடி வெளியே வருவதையும் காட்ட வேண்டும். ஏகப்பட்ட ரிலேக்களும் ஹைட்ராலிக் குழாய்களும் கொண்ட அந்த அமைப்பைச் சரிசெய்ய ஆள் கிடைப்பது கடினம். வேலை செய்யாத கடிகாரம் உட்பட எல்லாக் குறையையும் நீங்களே எழுதிவிட்டால் பேரம் சுருங்கும்.

வங்கிக் காசோலையைக் கையில் வாங்கியதும் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். போலிக் காசோலைக்கும் கணக்கில் பணம் ஏறும். அது போலி என்று தெரிய வாரக்கணக்கில் ஆகலாம், அப்போது நஷ்டம் உங்களுடையது. காசோலையை வழங்கிய வங்கியை அழைத்து விசாரியுங்கள். அந்தத் தொலைபேசி எண்ணைக் காசோலையிலிருந்து எடுக்காமல் நீங்களே தேடிக்கொள்ளுங்கள். விலைக்குமேல் அனுப்பிவிட்டு மீதியைத் திருப்பிக் கேட்பவரிடம் பேச்சையே முடித்துக்கொள்ளலாம். வாங்குபவர் பெயரை எழுதாமல் பத்திரத்தில் கையெழுத்திட்டுக் கொடுப்பதும் ஆபத்து. கலிபோர்னியாவில் விற்ற 5 நாட்களுக்குள் வாகனத் துறைக்கு உரிமை மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் அந்த கார் வாங்கும் அபராதச் சீட்டு உங்கள் வீட்டுக்கு வரும்.

விலை சொல்லும்போது உதவாத அந்த ரசீதுக் கட்டை மட்டும் பத்திரமாக வையுங்கள். சொந்தக் காரை லாபத்துக்கு விற்றால் அமெரிக்க மத்திய அரசுக்கு வரி உண்டு, நஷ்டத்தைக் கழித்துக்கொள்ள வழியில்லை. ஆனால் லாபத்தைக் கணக்கிடும்போது, புதுப்பிக்கச் செலவழித்த தொகையை வாங்கிய விலையோடு சேர்த்துக்கொள்ளலாம்.