டேபிள் கால்ல கீழ் ஷெல்ஃப் மாட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சைடு டேபிள், காஃபி டேபிள் செய்யறவங்க மேல் பலகைக்கும் காலுக்கும் ரொம்ப மெனக்கெடுவாங்க, கீழ் ஷெல்ஃப்னு வந்துட்டா மட்டும் நாலு புக்கு வைக்கிறதுக்கு இது போதும்னு வெளியில இருந்து நாலு ஸ்க்ரூவை முடுக்கி விட்டுடுவாங்க. முதல்ல ஆட்டம் காணறது அங்கதான். கீழ் ஷெல்ஃப் வெயிட்டையும் தாங்கணும், நாலு காலும் விரியாம பிடிச்சுக்கவும் செய்யணும். இந்த ரெண்டு வேலையையும் ஒரே பலகை தலையில கட்டறதுலதான் முக்காவாசி தப்பு ஆரம்பிக்குது. காலைப் பிடிக்கிற வேலையை சட்டம், அதாவது காலுக்கும் காலுக்கும் நடுவுல ஓடற கட்டை, பார்க்கட்டும், பலகை சும்மா அது மேல படுத்திருக்கட்டும்.

பெரிய தப்பு எதுன்னா, ஒரிஜினல் மரப்பலகையை நாலு காலுக்கு நடுவுல இம்மி இடைவெளி இல்லாம அடிச்சு இறக்கி பசையும் போட்டு ஒட்டறது. மரம் காத்துல இருக்கற ஈரத்தை இழுத்து அகலவாக்குல உப்பும், காஞ்சா சுருங்கும், நீளவாக்குல மட்டும் கிட்டத்தட்ட அசையாது. 300 மிமீ அகலப் பலகை சீசனுக்கு சீசன் 2ல இருந்து 4 மிமீ வரைக்கும் கூடிக் குறையலாம், அது மரத்தையும் அறுத்த விதத்தையும் பொறுத்தது. கொஞ்சமாத்தான் தெரியும், ஆனா அந்த விசையை எந்த பசையும் ஸ்க்ரூவும் தடுக்காது. உப்பும்போது காலைத் தள்ளும், சுருங்கும்போது காலை விட முடியாம பலகையே நடுவுல வெடிக்கும். பலகையோட மூலையை கால் அளவுக்கு வெட்டி உட்கார வைக்கிறீங்கன்னா அகலப் பக்கம் ரெண்டு மிமீயாவது விடுங்க, நீளப் பக்கம் டைட்டா இருந்தா பரவாயில்ல. அந்த வெட்டோட உள்மூலையை கூர்மையா விடாதீங்க, விரிசல் அங்க இருந்துதான் கிளம்பும், முதல்ல ஒரு சின்ன ஓட்டை போட்டுட்டு அதுவரைக்கும் அறுத்தா மூலை உருண்டையா வந்துடும். பிளைவுட்டுக்கு இந்த கவலை ரொம்ப கம்மி, தாராளமா ஒட்டலாம், ஆனா அதோட விளிம்புல ஸ்க்ரூ போட்டா லேயர் பிரிஞ்சுடும்.

என்னைக் கேட்டா நல்ல வழி இதுதான்: காலோட காலை சட்டத்தால இணைச்சு, சட்டத்தோட முனையில கழுந்து (துளைக்குள்ள போற மாதிரி செதுக்கின நாக்கு) போட்டு காலுக்குள்ள இறக்கி, பலகையை சட்டத்து மேல வச்சு மரபட்டன்ல பிடிக்கிறது. மரபட்டன்னா படி வெட்டின சின்ன மரத்துண்டு, அதோட நாக்கு சட்டத்தோட உள்பக்கம் வெட்டின காடிக்குள்ள (நீளப் பள்ளம்) போகும், உடம்பு வழியா ஒரு ஸ்க்ரூ பலகையோட அடியில ஏறும். நாக்கை காடிக்குள்ள விட்டு மேல தூக்கிப் பிடிச்சா பட்டனோட மேல்முகம் பலகையைத் தொடக்கூடாது, அரை மிமீ, ஒரு மிமீ இடைவெளி நிக்கணும், அப்பதான் ஸ்க்ரூவை முடுக்கும்போது பலகை சட்டத்தோட இறுகும். இதை விட்டுட்டு எல்லாத்தையும் ஒரே மட்டத்துக்கு செஞ்சுட்டு பிடிப்பே இல்லையேன்னு கேட்கறவங்க நிறைய. இன்னொண்ணு, பலகையோட நீளத்துக்கு இணையா ஓடற சட்டத்துல நாக்கை காடியோட அடி வரைக்கும் முட்டவிடாதீங்க, 2-3 மிமீ காலியா இருந்தாதான் பலகை உப்ப இடம் கிடைக்கும். குறுக்குச் சட்டத்துல காடி பட்டனை விட நீளமா இருக்கணும், அது பக்கவாட்டுல நகரணும் இல்லையா. பட்டன் செய்ய பொறுமை இல்லைன்னா குறுக்குச் சட்டத்துல வட்ட ஓட்டைக்கு பதிலா நீள ஓட்டை போட்டு வாஷரோட கீழ இருந்து ஸ்க்ரூ போடுங்க, நடுவுல மட்டும் ஒரு வட்ட ஓட்டை இருந்தா பலகை ரெண்டு பக்கமும் சமமா நகரும்.

காலோட வெளிமுகத்துல இருந்து பலகையோட முனைக்குள்ள ஸ்க்ரூ விடறது அடுத்த தப்பு. முனையில நார் எல்லாம் ஸ்க்ரூ போற திசையிலயே ஓடுது, மரை நாரை அறுத்துட்டுப் போகுமே தவிர பிடிக்காது. பசையையும் அந்த முனை உறிஞ்சிடும். வேற வழியே இல்லைன்னா பலகையோட அடியில இருந்து குறுக்கா ஒரு டவல் (dowel) குச்சியை, அதாவது உருண்டை மரக்குச்சியை, இறக்கி ஒட்டிட்டு ஸ்க்ரூ அந்தக் குச்சியைக் கடிக்கிற மாதிரி விடுங்க, வித்தியாசம் கையிலயே தெரியும். பைலட் ஹோல், அதாவது ஸ்க்ரூவுக்கு முன்னாடி போடற சின்ன ஓட்டை, போடாம கால்ல எதையும் முடுக்காதீங்க.

காலை ஆழமா குடையறது வேற. 40 மிமீ காலுல 20 மிமீ வெட்டினா பாதி கால்தான் மிச்சம், டேபிளை இழுத்து நகர்த்தும்போது அந்த இடத்துலதான் ஒடியும். ஒரே உயரத்துல ரெண்டு பக்கமும் துளை வந்தா உள்ள ரெண்டு கழுந்தும் இடிச்சுக்கும், நுனியை 45 டிகிரில சீவுங்க, இல்லைன்னா ஒரு சட்டத்தை கொஞ்சம் மேல ஏத்துங்க. கழுந்தோட கனம் சட்டத்துல மூணுல ஒரு பங்கு, துளை அதை விட ஒண்ணு ரெண்டு மிமீ ஆழம், பசை தேங்க இடம் வேணும். குறிக்கும்போது நாலு காலையும் சேர்த்து கிளாம்ப் பண்ணி மூலைமட்டம் வச்சு ஒரே கோடா போடுங்க, தனித்தனியா அளந்தா ஷெல்ஃப் ஆடும். உள்மூலை எதுன்னு ஒவ்வொரு கால் தலையிலயும் எழுதிடுங்க, இடதுகாலுக்கு வலதுகால் மாதிரி வெட்டிட்டா அந்தக் கால் வேஸ்ட்.

கீழ போகப்போக சிறுக்கற காலா இருந்தா மேல எடுத்த அளவு கீழ செல்லாது, உள்பக்கம் சீவினதால ஷெல்ஃப் உயரத்துல இடைவெளி கூடியிருக்கும். துளை எல்லாம் கால் சதுரமா இருக்கும்போதே போட்டுடுங்க, சீவறது அதுக்கப்புறம். சட்டத்தோட நீளத்தை மேல்சட்டத்தை பசையில்லாம மாட்டி நிறுத்திப் பார்த்துதான் எடுக்கணும், அப்பதான் சட்டத்தோட முனைக்கு வேண்டிய சாய்வும் தெரியும்.

பசை போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை முழுசா கோர்த்துப் பாருங்க, ஏன்னா காலைச் சுத்தி வெட்டின பலகை சில டிசைன்ல ஃப்ரேம் ஒட்டினதுக்கு அப்புறம் உள்ளயே போகாது. ரெண்டு பக்க ஃப்ரேமை முதல்ல ஒட்டிக் காய விட்டு, அப்புறம் ரெண்டையும் இணைக்கும்போது மூலைக்கு மூலை அளந்து ரெண்டும் ஒண்ணா வருதான்னு பார்த்துக்கோங்க. பாலிஷையும் பலகைக்கு மாட்டறதுக்கு முன்னாடியே அடிச்சுடுங்க, மாட்டினதுக்கு அப்புறம் காலை ஒட்டின மூலைக்குள்ள பிரஷ் போகாது, பலகை சுருங்கும்போது அங்க பாலிஷ் படாத கோடு பளிச்சுனு தெரியும்.