பல்கலைக்கழக உள்ளக கணக்காய்வாளர்களுக்கு ஒரு வலையமைப்பு: எப்படித் தொடங்கி எப்படி நிலைக்க வைக்கிறது

பல்கலைக்கழகத்தில உள்ளக கணக்காய்வு (நிறுவனத்துக்குள்ள இருந்தே கணக்கு, நடைமுறையெல்லாம் சரிபாக்கிற இன்டேர்னல் ஓடிட்) பாக்கிற ஆளுக்கு ஒரு சந்தேகம் வந்தா பக்கத்து மேசையில கேக்க ஆள் இல்ல. நிதியாளர்ட கேக்கலாமெண்டா அவர்ட வேலையத்தான் நாங்க பாக்கிறம், பதிவாளர்ட கேட்டாலும் அதே கதை. ஆனா இதே வேலைய இதே சுற்றறிக்கைகளோட செய்யிற ஆக்கள் யாழ்ப்பாணத்தில, வவுனியாவில, வந்தாறுமூலையில (கிழக்குப் பல்கலைக்கழகம்), ஒலுவில்ல (தென்கிழக்குப் பல்கலைக்கழகம்) இருக்கிறாங்க, ஒவ்வொருத்தரும் ஒரே செக்லிஸ்ட்ட தனித்தனியா முதல்ல இருந்து எழுதிக்கொண்டு. இலங்கையின்ர 2018 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க தேசிய கணக்காய்வுச் சட்டப்படி எங்கட அறிக்கையோட பிரதி கணக்காய்வாளர் தலைமை அதிபதிக்கும் (ஓடிட்டர் ஜெனரல்) போகுது, அதால தரம் குறைஞ்சா உள்ளுக்கயே மூடி வைக்கவும் ஏலாது. இந்தப் பக்கத்து பல்கலைக்கழகங்கள சேத்து ஒரு வலையமைப்பு கட்டாயம் வேணுமெண்டு நான் நம்புறன், எப்படிச் செய்யலாமெண்டு கீழ எழுதுறன்.

முதல் விசயம், யாப்பு, தலைவர், செயலாளர், பேங்க் எக்கவுண்ட் எண்டு தொடங்க வேண்டாம். வேலைத்தாள்ல (கணக்காய்வு செய்யேக்க நாங்க நிரப்பிற செக்லிஸ்ட், படிவங்கள்) இருந்து தொடங்குங்க. அமெரிக்காவில கல்லூரி பல்கலைக்கழக கணக்காய்வாளர்களுக்கு 1958 ல தொடங்கின சங்கம் ஒண்டு இருக்கு, ஏகுவா எண்டு சொல்லுவாங்க, அவங்க அங்கத்தவர்களுக்கு குடுக்கிற நல்ல சாமான்கள்ல ஒண்டு கிக் ஸ்டார்டர்ஸ், அதாவது ஒரு விசயத்த ஓடிட் பண்ணப்போற ஆள் வெறுங்கையோட தொடங்காம இருக்க எழுதி வச்ச ஆரம்ப ஓடிட் புறோகிறாம்கள் (எதை எந்த ஒழுங்கில சரிபாக்கிறதெண்ட பட்டியல்). எங்களுக்கும் அதுதான் முதல்ல தேவை. ஆளுக்கொரு தலைப்பு எடுத்து எழுதி ஒரு ஷெயார்ட் ஃபோல்டர்ல போட்டாலே வலையமைப்பு தொடங்கின மாதிரித்தான்.

எப்படி எழுதுறதெண்டு ஒரு தலைப்ப வச்சு சொல்றன். கல்வி விடுமுறையில வெளிநாடு போய் திரும்பி வராத விரிவுரையாளர்கள்ட பிணைமுறிப் பணம் (திரும்பி வந்து வேலை செய்யாட்டி கட்டுறன் எண்டு போக முதல் எழுதிக் குடுத்த பொண்ட் காசு), இது இலங்கையில பல பல்கலைக்கழகத்தில திரும்பத் திரும்ப கணக்காய்வு அறிக்கையில வாற விசயம். தாபனக் கிளையில (ஊழியர் கோவைகள் பாக்கிற கிளை) விடுமுறை எடுத்த எல்லார்ட பட்டியலையும் எடுங்க, போன திகதி, திரும்ப கடமை ஏற்க வேண்டிய திகதி, பிணைமுறித் தொகை, பிணை நிண்டவங்கட விலாசம் எண்டு நாலு கொலம் போடுங்க. பிறகு நிதிக் கிளையில வரவேண்டிய பணம் எண்டு காட்டியிருக்கிற பட்டியல தனியா எடுத்து இரண்டையும் பெயர் பெயரா ஒப்பிடுங்க. திரும்பி வராத ஆக்கள்ல, தாபனக் கிளைப் பட்டியல்ல இருந்தும் நிதிக் கிளைப் பட்டியல்ல இல்லாத பெயர்தான் உங்கட முதல் கண்டுபிடிப்பு, ஏனெண்டா ஒரு கிளை மற்றக் கிளைக்கு அறிவிக்கவே இல்ல. அடுத்தது, திரும்ப வர வேண்டிய நாளுக்கும் காசக் கட்டச் சொல்லி முதலாவது கேட்புக் கடிதம் போன நாளுக்கும் இடையில எவ்வளவு காலம் போயிருக்கெண்டு பாருங்க. அத கட்டாயம் எழுதுங்க, காலம் இழுபட இழுபட பிணை நிண்டவர் இடம் மாறிடுவார், வழக்குப் போடுற உரிமையும் காலாவதியாகிற ஆபத்து இருக்கு. இத ஒருத்தர் ஒழுங்கா எழுதிப்போட்டா மற்ற எல்லாருக்கும் பல நாள் வேலை மிச்சம்.

ஆய்வு மானிய முற்பணம், வாகன ரன்னிங் சார்ட் (ஓட்டப் பதிவு), விடுதி, வெளிவாரிப் பட்டப்படிப்பு வருமானம், ஒரே இன்வொயிஸுக்கு இரண்டு தரம் காசு குடுக்கிறது, இதெல்லாம் அடுத்தடுத்த தலைப்புகள்.

பகிரேக்க ஒரு கண்டிப்பான விதி வேணும். செக்லிஸ்ட், மாதிரிப் படிவம், எக்செல் ஃபோர்மியூலா பகிரலாம், அறிக்கை பகிரக்கூடாது, ஆள் பெயர் இருக்கிற எதுவும் வட்சப்ல வரவே கூடாது. ஒரு தரம் ஒரு ஸ்கிரீன்ஷொட் வெளியில போனா எந்த துணைவேந்தரும் தன்ர ஆள இந்தப் பக்கம் விடமாட்டார், அவரையும் பிழை சொல்ல ஏலாது. அதால தொடங்க முதலே உங்கட பல்கலைக்கழகத்து கணக்காய்வுக் குழுவுக்கு என்ன பகிருவம், என்ன பகிரமாட்டம் எண்டு ஒரு பக்கத்தில எழுதிக் குடுத்து அனுமதி எடுங்க.

இனி இந்த வலையமைப்போட எதிர்காலம் எங்க இருக்கெண்டா, என்னைக் கேட்டா ஒருத்தர்ட வேலைய ஒருத்தர் மதிப்பிடுறதிலதான். 2025 ஜனவரி 9 ல இருந்து நடைமுறைக்கு வந்த உலக உள்ளக கணக்காய்வு நியமங்கள் 5 வருசத்துக்கு ஒருக்காவாவது வெளி மதிப்பீடு வேணுமெண்டு சொல்லுது. வெளி நிறுவனத்தக் கூப்பிட்டா செலவு, சின்னப் பிரிவுகளுக்கு தாங்காது. ஆனா மூண்டு அல்லது அதுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் சேந்து செய்தா சகபாடி மதிப்பீட்ட (அதே வேலை செய்யிற மற்ற நிறுவனத்து ஆக்கள் செய்யிற மதிப்பீடு) சுயாதீனமானதா ஏற்கலாம், இரண்டு பேர் மாத்தி மாத்தி செய்தா ஏற்கமாட்டாங்க, அணியில சிஐஏ (சேர்ட்டிஃபைட் இன்டேர்னல் ஓடிட்டர்) தகைமை உள்ள ஒருத்தராவது இருக்கவும் வேணும். எங்களிட்ட நாலு பல்கலைக்கழகம் இருக்கு. ஒலுவில் யாழ்ப்பாணத்தப் பாக்கட்டும், யாழ்ப்பாணம் வந்தாறுமூலைய, வந்தாறுமூலை வவுனியாவ, வவுனியா ஒலுவில்ல. வவுனியா 2021 வரைக்கும் யாழ்ப்பாணத்துக்குக் கீழ வளாகமா இருந்ததால அந்த இரண்டையும் நேருக்கு நேர் விடாம இப்படிச் சுத்தினா நல்லம். எங்கட கோணேசபுரி வளாகம் (திருகோணமலை வளாகம்) கிழக்குப் பல்கலைக்கழகத்தோடதான் வரும், தனித் தரப்பா எண்ணக்கூடாது.

சந்திக்கிற இடம் திருகோணமலையா இருக்கட்டும், எங்கட ஊர் எண்டதுக்காக மட்டும் சொல்லல. யாழ்ப்பாணத்து ஆக்கள் வவுனியாவால வரலாம், ஒலுவில்காரர் மட்டக்களப்பால வந்து ஏ15 வீதியில ஏறலாம், 2009 ல கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு கிண்ணியாவில தோணிக்குக் காத்து நிக்கிற வேலையும் இல்ல. மார்ச் மாசம் வைங்க. பெப்ரவரி முழுக்க வருட இறுதிக் கணக்கு அமளி, ஏப்ரல் தாண்டினா பக்கத்து நிலாவெளிக் கடற்கரையில சீசன், ரூம் விலை ஏறிடும். வருசத்துக்கு ஒருக்கா நேர சந்திச்சாக் காணும், மிச்சம் சூம்ல. வாற ஒவ்வொருத்தரும் ஒரு புது ஓடிட் புறோகிறாம் கொண்டு வரணும், உரை கேக்க மட்டும் வாறதெண்டா வேண்டாம்.

கடைசியா ஆக்கள் மாறுற பிரச்சினை. இப்படியான குழுக்கள் குழம்புறது சண்டையால இல்ல, இழுத்துக்கொண்டு போன ஆள் இடமாற்றத்தில போறதால. அதால பொறுப்ப ஆளுக்குக் குடுக்காம அலுவலகத்துக்குக் குடுங்க, வருசத்துக்கு ஒரு பல்கலைக்கழகம். ஃபோல்டர் ஒருத்தர்ட சொந்த ஜிமெயில்ல இருக்கக்கூடாது, உள்ளக கணக்காய்வுப் பிரிவோட உத்தியோகபூர்வ மின்னஞ்சல்ல இருக்கணும். ஒருத்தர் மாறிப் போகேக்க பாஸ்வேர்ட், இந்த வருசம் யார் யார மதிப்பிடுறது, எந்தத் தலைப்பு யாரிட்ட பாதியில நிக்குது, இந்த மூண்டையும் கடமை கையளிப்புக் கடிதத்தில ஒரு இணைப்பாச் சேத்துடுங்க, புதுசா வாறவர் ஆரையும் தேடித் திரியாம வந்த முதல் கிழமையே வேலையத் தொடரலாம்.