வாடகைக்கு விடும் வீட்டைப் போனிலேயே நன்றாகப் படம் எடுப்பது எப்படி?

குரோம்பேட்டையில் என் சித்தி வீட்டு மாடி போர்ஷன் காலியானபோது, ராத்திரி எட்டு மணிக்கு டியூப்லைட் வெளிச்சத்தில் பத்துப் படம் எடுத்து இணையத்தில் போட்டிருந்தார். நல்ல வீடு. கிழக்கிலும் தெற்கிலும் ஜன்னல், ஃபேன் போடாமலே உட்காரலாம். படத்திலோ ஜன்னல்கள் கறுப்புச் சதுரங்களாக இருந்தன, சுவர் பச்சை கலந்து வெளிறியிருந்தது, கட்டிலின் மேல் மடிக்காத போர்வை. இரண்டு வாரம் ஆகியும் ஒருவரும் வந்து பார்க்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் அதே போனில் மறுபடி எடுத்துக் கொடுத்தேன். அடுத்த வாரமே மூன்று குடும்பங்கள் வந்து பார்த்தன. வாடகையும் மாறவில்லை, வீடும் மாறவில்லை.

வேறு ஊரிலிருந்து மாற்றலாகி வருகிறவர் நோபுரோக்கர், 99ஏக்கர்ஸ், மேஜிக்பிரிக்ஸ் என்று வீடு தேடும் தளங்களைப் போனில் தள்ளிக்கொண்டே போகிறார். எந்த வீட்டுக்காக லீவு போட்டு, பஸ் ஏறி வருவது என்பதைப் படத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார். அதனால் ஒரு காலை நேரத்தை இதற்கென்று ஒதுக்குங்கள். தனி கேமரா எதுவும் வேண்டாம், நாலைந்து வருடப் பழைய போனே போதும்.

முதலில் ஒரு சோதனைப் படம்

லென்ஸை மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். பாக்கெட்டிலும் கையிலும் இருக்கும் போனின் லென்ஸில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருக்கும். ஜன்னல் இருக்கும் பக்கம் புகை மூட்டமாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

அப்புறம் ஒவ்வொரு அறையையும் இருக்கிறபடியே ஒரு படம் எடுத்து, உட்கார்ந்து பாருங்கள். தினமும் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தப்பியதெல்லாம் படத்தில் தெரியும். கதவுக்குப் பின்னால் தொங்கும் சட்டைகள், ஃபிரிட்ஜ் மேல் மாத்திரை அட்டை, சிங்க் ஓரத்தில் பாத்திரம் தேய்க்கும் நார், பால்கனிக் கொடியில் துண்டு. இவற்றை எடுத்துவிட்டாலே வேலை பாதி முடிந்தது. எல்லாவற்றையும் காலி செய்துவிடாதீர்கள். வெறும் அறையில் அளவு பிடிபடாது. ஒரு கட்டிலோ நாற்காலியோ இருந்தால், தன் கட்டில் இங்கே போட்டால் எவ்வளவு இடம் மிஞ்சும் என்று பார்க்கிறவர் கணக்குப் போட்டுக்கொள்வார்.

குடும்பப் படங்கள், சாவிக்கொத்து, பைக் நம்பர், கதவு எண் ஆகியவை படத்தில் விழக்கூடாது. பழைய குடித்தனக்காரர் இன்னும் காலி செய்யவில்லை என்றால் அவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள், அவர் சாமான்கள் தெரியாத கோணமாகப் பார்த்து எடுங்கள்.

வெளிச்சம்

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். எல்லா விளக்கையும் போட்டுவிட்டு எடுக்கச் சொல்வார்கள். நான் அதற்கு நேர்மாறாகச் சொல்வேன். முதலில் திரைச்சீலை, ஜன்னல், கதவு எல்லாவற்றையும் திறந்துவிட்டு, விளக்குகளை அணைத்து எடுத்துப் பாருங்கள். பகல் வெளிச்சம் நீலச் சாயல், பல்ப் மஞ்சள். இரண்டும் கலந்தால் ஒரே சுவர் ஒரு பக்கம் ஒரு நிறமும் மறுபக்கம் வேறு நிறமுமாகத் தெரியும். பகலிலேயே இருட்டாக இருக்கும் அறைக்கு மட்டும் விளக்குப் போடுங்கள், அதுவும் ஒரே நிற விளக்காக இருக்கட்டும்.

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பழைய டியூப்லைட்டும் மலிவான எல்இடி பல்புகளும் வினாடிக்கு 100 தடவை மினுக்குகின்றன. அது நம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கேமரா பிடித்துவிடும். சில படங்களில் குறுக்கே மங்கலான பட்டைகள் விழுவது அதனால்தான்.

அறையில் நேரடி வெயில் விழும் நேரத்தைத் தவிருங்கள். தரையில் வெள்ளைக் கட்டமாக வெயில் விழுந்தால், போன் அந்த வெளிச்சத்துக்கு ஏற்பச் சரிசெய்துகொண்டு மற்ற இடத்தை இருட்டாக்கிவிடும். கிழக்கு ஜன்னல் உள்ள அறையை மதியத்துக்குப் பிறகும், மேற்கு ஜன்னல் உள்ள அறையைக் காலையிலும் எடுங்கள். சித்தி வீட்டில் தெற்கு ஜன்னல் உள்ள ஹாலைக் காலை ஒன்பதுக்கே எடுத்துவிட்டேன். கிழக்குப் படுக்கையறைக்கு மட்டும் சாப்பாடு முடியும்வரை காத்திருந்தேன்.

வெளி முகப்புக்கு இதே கணக்கு தலைகீழ். அங்கே வெயில் வேண்டும். கிழக்குப் பார்த்த வீட்டைக் காலை ஏழு, எட்டு மணிக்கும் மேற்குப் பார்த்ததைச் சாயங்காலமும் எடுக்கலாம். வடக்குப் பார்த்த வீட்டு முகப்பில் நம் பக்கத்தில் மே முதல் ஜூலை வரைதான் நன்றாக வெயில் விழும், மார்கழியில் நிழல்தான். அப்போது லேசாக மேகம் மூடிய நாளாகப் பார்த்து எடுத்தால் சுவரின் நிறம் சீராக வரும்.

ஜன்னல் வெளுத்துப் போகிறதா? கேமராவில் எச்டிஆர் வசதியை, அதாவது வெளிச்சமான இடமும் இருட்டான இடமும் ஒரே படத்தில் தெளிவாகத் தெரியவைக்கும் வசதியை, இயக்குங்கள். திரையில் ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரைத் தொட்டு, வெளிச்ச அளவைக் கொஞ்சம் கீழே இழுங்கள். வெளியே இருக்கும் தென்னங்கீற்று தெரியும் அளவுக்கு வந்தால் போதும்.

போனை எங்கே பிடிப்பது

போனைப் படுக்கைவாக்கில் பிடியுங்கள். கண்ணுக்கு நேராக வேண்டாம், சட்டைப் பாக்கெட் உயரத்தில், அதாவது சுமார் நான்கு அடியில் இருக்கட்டும். கண் உயரத்தில் பிடித்தால் கட்டிலும் தரையும் தெரிவதற்காகப் போனைக் கீழே சாய்ப்போம், சாய்த்ததும் சுவர்கள் சரிந்துவிடும். கேமரா அமைப்பில் கட்டக்கோடுகளைப் போட்டுக்கொண்டு, கதவு நிலையின் செங்குத்து விளிம்பை அந்தக் கோட்டோடு ஒட்டிப் பாருங்கள். விளிம்பு கோட்டை விட்டு விலகினால் போன் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். நிமிர்த்துங்கள். நேரான கதவு நிலை ஒன்றே போதும், படம் தொழில்காரர் எடுத்தது போல ஆகிவிடும்.

ஒரு ஸ்டூலில் நாலு புத்தகம் அடுக்கி, அதன்மேல் போனைச் சாயாமல் நிமிர்த்தி வைத்து, டைமரை 3 வினாடியில் வைத்தால் கை நடுக்கம் இருக்காது. ஃபேனை நிறுத்திவிடுங்கள்.

நிற்கும் இடம் அறை வாசலோ மூலையோ. இரண்டு சுவர்கள் தெரிந்து, அவற்றில் ஒன்றில் ஜன்னல் இருந்தால் நல்லது. இடம் போதவில்லை என்று 0.5 லென்ஸுக்கு, அதாவது அதிக இடத்தை அடக்கிக் காட்டும் அகலக்கோண லென்ஸுக்குப் போகாதீர்கள். அது 10க்கு 10 அறையைக் கல்யாண மண்டபமாக்கும், ஓரத்தில் இருக்கும் பீரோவை இரண்டு மடங்கு அகலமாக்கும். நேரில் வருகிறவர் வாசலிலேயே ஏமாந்து போவார். வெளியூரிலிருந்து வந்தவரை அப்படித் திருப்பி அனுப்புவதில் எனக்குச் சம்மதமில்லை. சாதாரண லென்ஸில் இரண்டு மூலையிலிருந்து இரண்டு படம் எடுங்கள்.

சமையல் மேடை 32 முதல் 34 அங்குல உயரம் இருக்கும், அங்கே மட்டும் போனைக் கழுத்து உயரத்துக்கு ஏற்றினால் மேடையின் பரப்பு தெரியும். குளியலறையில் கழிப்பறை மூடியை மூடிவிட்டு, தரையை உலர்த்தி, கண்ணாடியில் நீங்கள் தெரியாதபடி ஒரே ஒரு படம்.

பலரும் விட்டுவிடுவது வீட்டுக்கு வெளியே இருப்பவை. சென்னையில் வீடு கேட்கிறவரின் முதல் கேள்வியே தண்ணீர்தான். சம்ப், மோட்டார், தனி ஈபி மீட்டர், வண்டி நிறுத்தும் இடம், மாடிப்படியின் அகலம் எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு படம் எடுங்கள்.

திருத்துவதும் அனுப்புவதும்

ஸ்னாப்சீட் செயலி இலவசம். சாய்ந்த சுவரை நிமிர்த்த அதிலேயே வசதி இருக்கிறது. நிமிர்த்துங்கள், வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள், அத்துடன் விடுங்கள். ஓதம் ஏறிய சுவரை அழிக்காதீர்கள். பெயின்ட் அடித்துவிட்டுப் படம் எடுங்கள், இல்லையென்றால் இருப்பது தெரியட்டும்.

தரகருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள். படமாகப் போனால் சுருங்கி, தெளிவு குறைந்துதான் போய்ச் சேரும்.

பதிவேற்றும்போது வெளிச்சம் அதிகமான ஹால் படம் முதலில் வரட்டும். பிறகு வாசலிலிருந்து நடந்து போகும் வரிசையிலேயே போடுங்கள். ஹாலுக்கு அடுத்து சமையலறை, படுக்கையறை, குளியலறை, பால்கனி, கடைசியில் சம்பும் பார்க்கிங்கும். ஒவ்வொன்றின் கீழும் அளவை எழுதுங்கள். சித்தி வீட்டுக்கு "கிழக்குப் படுக்கையறை, 11க்கு 10 அடி, இரண்டு ஜன்னல்" என்று எழுதியிருந்தேன். வந்த மூவரில் ஒருவர் டேப்போடு வந்து அளந்து பார்த்தார். சரியாக இருந்தது, அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனார்.