காட்டுக்குள் முதல் மலையேற்றம்: முன்பதிவு முதல் வீடு திரும்பும் வரை

தமிழ்நாட்டில் காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம். முறையாகப் போக நல்ல வழி, வனத்துறையின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம். 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளோடு தொடங்கியது. முன்பதிவு இணையத்தில்தான். கூடவே பயிற்சி பெற்ற வழிகாட்டி வருவார். பலரும் அந்தந்த மலையின் பழங்குடி இளைஞர்கள்.

படி 1: பாதை

எளிது, மிதம், கடினம் என மூன்று வகை உண்டு. கிலோமீட்டரை மட்டும் பார்க்காதீர்கள், ஏற்றத்தைப் பாருங்கள். சமதளத்தில் மணிக்கு 5 கி.மீ. நடப்பவர் செங்குத்தான ஏற்றத்தில் 2 கி.மீ. போனாலே அதிகம். முதல் முறைக்கு ஊட்டி கெய்ர்ன் ஹில் போன்ற பாதை போதும். வெள்ளியங்கிரியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

படி 2: பருவம்

பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை தீப்பருவம் என்பதால் வழக்கமாகப் பாதைகளை மூடிவிடுவார்கள். அப்போது ‘வேறு வழியாகக் கூட்டிப்போகிறேன்’ என்று யார் அழைத்தாலும் போகாதீர்கள். காய்ந்த புல் சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாகப் பாயும். ஏறி ஓடித் தப்ப முடியாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி உயிரிழந்ததை மறக்கக் கூடாது.

படி 3: பை

ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், ஸ்டீல் பாட்டிலில். எலுமிச்சை சாதம், கடலைமிட்டாய். ஓஆர்எஸ் பொடியைப் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும்; ஒரு லிட்டருக்கானதை அரை லிட்டரில் கொட்டினால் உப்பு கூடி வயிற்றைப் புரட்டும். ஜீன்ஸ் வேண்டாம்: நனைந்தால் கனக்கும், தொடையை உரசும். காக்கி, பழுப்பு, கரும்பச்சை உடைகள் நல்லது. சென்ட் வேண்டாம்.

ஷூ பழகியதாக இருக்கட்டும். புதிது குதிகாலில் கொப்புளம் போடும். முந்தைய நாளே கால் நகங்களை ஒட்ட வெட்டிவிடுங்கள். இறங்கும்போது பெருவிரல் ஷூவின் முனையில் இடித்துக்கொண்டே இருக்கும். நகம் நீண்டிருந்தால் அடியில் ரத்தம் கட்டிக் கறுத்துவிடும். இறக்கம் தொடங்கும் இடத்தில் லேஸை இறுக்கிக் கட்டினால் பாதம் முன்னே சரியாது.

படி 4: அட்டை

மழைக்காலச் சோலையில் அட்டை நிச்சயம். பேண்ட்டைக் காலுறைக்குள் செருகுங்கள். கடித்துவிட்டால் பிய்த்து இழுக்காதீர்கள், தீயும் வைக்காதீர்கள். குடித்ததைக் காயத்திலேயே கக்கிவிடும். அதன் மெல்லிய முனையின் ஓரத்தில் நகத்தை வைத்துப் பக்கவாட்டில் தள்ளினால் பிடி விடும். பிறகு மறுமுனை. ரத்தம் உறையாமல் வெகுநேரம் கசியும், பயம் வேண்டாம். சோப்பால் கழுவித் துணியால் அழுத்துங்கள்.

படி 5: நடை

வழிகாட்டியை முந்தக் கூடாது. ஈரம் காயாத யானைச்சாணம், அப்போதுதான் ஒடித்த மூங்கில் தெரிந்தால் அவர் கை காட்டுவார். அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்துங்கள். அவர் திரும்பச் சொன்னால் திரும்ப வேண்டியதுதான், கட்டணம் கட்டியாயிற்றே என்று வாதாட வேண்டாம். புளூடூத் ஸ்பீக்கருக்குக் காட்டில் இடமே இல்லை.

படி 6: வீட்டில்

உடைகளைத் தனியாகத் துவைக்கப் போடுங்கள். முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு, காதின் பின்புறம் ஆகிய இடங்களில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தோலை ஒட்டி ட்வீசரால் பிடித்து நேராக இழுங்கள். திருகினால் வாய்ப்பகுதி உள்ளேயே தங்கிவிடும். அடுத்த சில நாட்களில் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம், காட்டுக்குப் போய்வந்ததை முதலிலேயே சொல்லுங்கள்.